எல்லாப் பதிலும் சரியாக இருந்தது

ஓய்வுபெற்றவள் என்று என்னைச் சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சமாக இருக்கிறது. வயது முப்பத்து மூன்றுதான். ஆனால் வேலையை விட்ட அன்று சால்வை போர்த்தினார்கள், கேக் வெட்டினார்கள், மேலாளர் என் பெயரைத் தவறாகச் சொல்லி என்னை வானளாவப் புகழ்ந்தார். ஓய்வுக்குரிய சடங்கு எல்லாம் நடந்துவிட்டதால் நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். மகள் பிறந்தபின் பகலில் அவளை அம்மாதான் பார்த்துக்கொண்டாள். அம்மாவுக்கு முட்டி வலி கூடியதும் வேறு வழியில்லாமல் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். அது சரியான முடிவுதானா என்று வாரத்துக்கு ஒருமுறை யோசிக்கிறேன்.

இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னது பர்வீன். மேலப்பாளையத்துப் பெண், என் பக்கத்து நாற்காலியில் கற்றுக்குட்டியாக உட்கார்ந்திருந்தவள், இப்போது இருபது பேரை மேய்க்கிறாள்.

"அக்கா, இப்ப கேள்வியே கேக்கதில்ல. ஆள் வணக்கம்னு சொன்னாப் போதும், குரலை வச்சு மெஷினே இன்னார்னு சொல்லிருது. முன்னாடி நாம என்னத்தக் கேட்டோம், எதுக்குக் கேட்டோம்னு புதுப் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியல. நாலு பக்கம் எழுதித் தாங்களேன்."

"சளி பிடிச்சிருந்தா?"

"யாருக்கு?"

"பேசுறவங்களுக்கு. அப்ப மெஷின் என்ன செய்யும்?"

"அக்கா, நீங்க இன்னும் மாறவே இல்ல," என்றாள்.

எழுதலாமா கூடாதா என்று பிறகு எனக்குள் ஒரு வழக்கு நடந்தது. பணியில் சேரும்போது எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கடைசியில், வாடிக்கையாளர் யாருக்கும் தீங்கு வராமல் எழுதினால் தப்பில்லை என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். மேல்முறையீடு எந்த நேரமும் வரலாம் என்பதால் வேகமாக எழுதுகிறேன்.

கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் ஒரு கண்ணாடிக் கட்டடம். அதற்குள் உட்கார்ந்து ஒரு வங்கிக்காகத் தொலைபேசி எடுப்பதுதான் எங்கள் வேலை. அட்டை தொலைந்தவர்கள், போன் தொலைந்தவர்கள், கணக்குக்குள் நுழைய முடியாதவர்கள் எல்லாரும் எங்கள் பிரிவுக்கு வருவார்கள். பொருளைப் பறிகொடுத்துப் பதறி வருகிறவரிடம், "நீங்கள்தான் நீங்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பது எங்கள் முதல் கடமை. அதைப் பணிவாகக் கேட்க வேண்டும் என்பதுதான் பயிற்சி. பயிற்சியில் வேறு என்ன கற்றேன் என்று நினைத்துப் பார்த்தால், சிரித்தபடி பேசினால் குரல் இனிமையாக இருக்கும் என்று சொல்லி ஆளுக்கொரு கைக்கண்ணாடி கொடுத்தது மட்டும் நினைவுக்கு வருகிறது.

தகவல் பாதுகாப்பில் எங்கள் அலுவலகத்தை மிஞ்ச முடியாது. உள்ளே பேனா, தாள், கைபேசி எதுவும் கொண்டுபோகக் கூடாது. கைப்பை உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும். இவ்வளவு சோதனையையும் தாண்டி உள்ளே போனால் எதிர்ச் சுவரில் பெரிய பலகை ஒன்று இருக்கும். எங்கள் எல்லாருடைய படமும் முழுப் பெயரும் சொந்த ஊரும் பிறந்த தேதியும் அதில் வண்ண எழுத்தில் இருக்கும். பிறந்தநாள் கொண்டாட மனிதவளப் பிரிவு செய்த ஏற்பாடு அது. தண்ணீர்க் கேன் போடுகிறவர், பூச்சிமருந்து அடிக்கிறவர் எல்லாரும் அதன்முன் நின்று படித்துவிட்டுப் போவார்கள்.

அந்தப் பலகையில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருக்கும். அது எங்கள் மேற்பார்வையாளர் ஜெபராணி மேடத்தின் கட்டம்.

ஜெபராணி மேடத்தைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததைவிடத் தெரியாததுதான் அதிகம். பாளையங்கோட்டையில் வீடு என்பார்கள். எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியாது. அடையாள அட்டையைப் படம் உள்பக்கம் இருக்கும்படி திருப்பிப் போட்டிருப்பார். கூரியரில் ஏதாவது வந்தால் முகவரி ஒட்டியிருக்கும் இடத்தை மட்டும் நகவெட்டியால் மெதுவாக வெட்டியெடுத்து, மடித்துப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார். மருந்துச் சீட்டு, ரயில் சீட்டு, ஜவுளிக்கடை ரசீது எல்லாவற்றுக்கும் அதே கதிதான். வீட்டில் அவற்றை என்ன செய்வார் என்று பர்வீன் ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டாள்.

"ஊறப்போட்டுப் பிசைஞ்சு ரோஜாச் செடிக்குப் போட்டிருவேன்," என்றார். சிரிப்பார் என்று காத்திருந்தோம். சிரிக்கவில்லை.

எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் ஓசையில்லாமல் நடந்துகொண்டே இருப்பார். திடீரென்று காதருகே, "கண்டிப்பாக சொல்லல," என்பார். 'கண்டிப்பாக உதவுகிறேன்' என்ற வாசகத்தில் 'கண்டிப்பாக' விட்டுப்போனால் மதிப்பெண் குறையும். உலகத்தில் எதையும் அவர் இரண்டு நிறத்தில்தான் பார்த்தார். ஐந்து கேள்வி: பெயர், பிறந்த தேதி, தாயார் பெயர், முகவரி, கணக்குத் திறந்தபோது வாடிக்கையாளரே தேர்ந்தெடுத்த ரகசியக் கேள்வி. நான்குக்குச் சரியான பதில் வந்தால் திரையில் கட்டம் பச்சையாகும். இல்லாவிட்டால் சிவப்பு. பச்சை என்றால் அவர் அவர்தான். சிவப்பு என்றால், அவரைப் பெற்ற தாயே பக்கத்தில் நின்று சத்தியம் செய்தாலும், அவர் வேறு யாரோ.

ஒருமுறை மனைவியின் கணக்குக்காக ஒரு கணவர் குரலை மெலிதாக்கிக்கொண்டு பேசினார். 'ஐயா, நீங்கள் ஆண்' என்று சொல்ல எங்கள் வாசகத்தில் இடமில்லை. ஐந்து கேள்வியையும் மரியாதையாகக் கேட்டேன். பிறந்த தேதியில் தடுமாறினார். முகவரியில் தேறிவிட்டார். தாயார் பெயரைக் கேட்டதும் கேள்வியைத் திரும்பக் கேட்கவைத்தார். பிறகு தன் சொந்தக் குரலிலேயே சொன்னார்: "அத்தைன்னுதான் மேடம் கூப்பிடுவேன். பேரு யாருக்குத் தெரியும்?"

இந்த வேலையில் சில வருடம் இருந்தால் ஒன்று புரிந்துவிடும். உண்மையான ஆட்கள் தங்களைப் பற்றிய கேள்விகளுக்குத்தான் அதிகம் திணறுவார்கள். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்டுக்கொடுத்த பிறந்த தேதி ஒன்று இருக்கும், அம்மா சொல்லும் தேதி ஒன்று இருக்கும். "உங்களுக்கு எது வேணும்?" என்று நம்மிடமே கேட்பார்கள். எனக்கு இது தெரிந்திருந்தும் பச்சையைத்தான் நம்பினேன். நம்பிக்கை கலைந்தது என் மகளின் காதுகுத்துக்கு.

மாமனார் வண்ணார்பேட்டைத் திருப்பத்தில் ஃபிளெக்ஸ் வைத்தார். சிக்னலுக்கு எதிரே, ஒரு லாரி நீளத்துக்கு. நடுவில் என் மகள் பொக்கைவாயோடு சிரிக்கிறாள். கீழே அவள் முழுப் பெயர், பிறந்த தேதி, நேரம், நட்சத்திரம், என் பெயர், என் கணவர் பெயர், இருவர் வேலை, வீட்டு முகவரி, தாய்மாமன்மார் படங்கள், ஒவ்வொரு படத்தின் கீழும் கைபேசி எண்.

"மாமா, விலாசம் எல்லாம் எதுக்கு?"

"விலாசம் இல்லாம வாரவுக எங்கன வருவாவ?"

"பிறந்த தேதி, நேரம்லாம்?"

"ஏம்மா, பிள்ள எப்பப் பொறந்துதுன்னு ஊருக்குச் சொல்லதுல என்ன வெக்கம்?"

"போன் நம்பராவது வேண்டாம் மாமா."

"ஒன் சின்ன அண்ணன் நம்பர் விட்டுப்போச்சுன்னு ஒங்கம்மை மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா. நீ என்னன்னா இருக்கதையும் எடுக்கச் சொல்லுத."

"திருடங்க பார்ப்பாங்க மாமா."

"பார்க்கட்டுமே. அவனும் வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போட்டும்."

மறுநாள் கம்பெனி பஸ் அந்தச் சிக்னலில் நின்றது. பர்வீன் கைதட்டினாள், எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். சன்னலோரம் இருந்த ஜெபராணி மேடம் சிவப்பு விளக்கு மாறும்வரை வரிவரியாகப் படித்தார். பஸ் நகர்ந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"பேரு, தேதி, தாயார், விலாசம். நாலு ஆச்சு. ஒங்க பிள்ள பேர்ல கணக்கு இருந்தா நான் இப்பமே திறந்திருவேன்."

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. எந்தக் கட்டம் பச்சையானாலும், இவரும் ஏதோ ஒரு சிக்னலில் நின்று படித்தவராக இருக்கலாம் என்று தோன்றியது. அந்த வார ஞாயிற்றுக்கிழமைதான் செல்லத்தாயின் அழைப்பு வந்தது.

"பேங்க்தானா தாயி?"

"வணக்கம். கண்டிப்பாக உதவுகிறேன். சொல்லுங்கள்."

"என் போன் செத்துப்போச்சும்மா. டவரே காட்ட மாட்டேங்கு. பக்கத்து வீட்டுப் பிள்ள போன்ல இருந்து பேசுதேன். நேத்து ஒருத்தன் பேங்க்ல இருந்து பேசுதேன்னு சொல்லி என்னென்னமோ கேட்டான். அதுக்கப்புறந்தான் இப்படி. என் பணத்துக்கு ஒண்ணும் ஆயிரலல்லா?"

எனக்கு உடனே புரிந்தது. யாரோ அவர் பெயரில் வேறு சிம் வாங்கிவிட்டார்கள். புது சிம் உயிர் பெற்றால் பழையது செத்துவிடும். இனி வங்கி அனுப்பும் ரகசிய எண்கள் எல்லாம் அந்த வேறொருவருக்குத்தான் போகும். கணக்கை உடனே முடக்க வேண்டும். முடக்குவதற்கும் முதலில் அவர் பச்சையாக வேண்டும். இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் யார் கணக்கையும் முடக்கிவிடலாமே என்பது விதியின் நியாயம். குறை சொல்ல முடியாத நியாயம்.

பெயர் சரி. பிறந்த தேதி கேட்டேன்.

"நாங்க மாஞ்சோலையில பொறந்தவுக. மழை கொட்டுன அன்னைக்குப் பொறந்தேன்னு எங்கம்மை சொல்லுவா. அங்கன என்னைக்குத் தாயி மழை கொட்டல?"

திரையில் ஜனவரி ஒன்று என்று இருந்தது. மலையில் முகாம் போட்டுக் கணக்குத் திறந்துகொடுத்த முகவர், தேதி தெரியாத எல்லாரையும் புத்தாண்டு அன்று பிறக்கவைத்திருக்கிறார்.

தாயார் பெயர் மாடத்தி என்றார். திரையில் ஆவுடையம்மாள். அது அவர் மாமியார் பெயர் என்று பிற்பாடு தெரிந்தது. 'வீட்டில் பெரியவர் யார்' என்று முகவர் கேட்டிருக்கிறார். இவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

முகவரி?

"இப்ப இருக்கதா, முன்ன இருந்ததா?"

எதைச் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லக் கூடாது. "உங்கள் முகவரி, அம்மா," என்றேன் மறுபடியும்.

"முன்ன இருந்தது எஸ்டேட்டு லைன் வீடு. அத விட்டு எறங்கியாச்சு. அங்கன இப்ப கரடிதான் இருக்கும். விக்கிரமசிங்கபுரத்துல வாடகைக்கு இருக்கேன், அதையே போட்டுக்கோ."

திரையில் எஸ்டேட் முகவரி. சிவப்பு. மிச்சம் இருந்தது ரகசியக் கேள்வி. உங்களுக்கு மிகவும் பிடித்த உணவு எது?

"மறுபடியும் அதானா? அந்தப் பையன் எல்லாருக்கும் இட்லின்னு எழுதிட்டுப் போயிட்டான். எனக்கு இட்லி ஆகவே ஆகாது தாயி, வயிறு உப்பிக்கிடும். மலைக் குளிருக்குச் சாளைக் கருவாடும் சுடு சோறும்தான். பிடிக்காதத பிடிக்கும்னு நான் எப்படிச் சொல்ல?"

பின்னால் ஜெபராணி மேடம் நின்றிருந்தார். நான் ஒலிவாங்கியை மூடிக்கொண்டு திரும்பினேன். "மேடம், இட்லின்னு சொல்லிட்டாங்க."

"இட்லி பிடிக்காதுன்னு சொன்னாவ. கேள்வி, பிடிச்ச உணவு எதுன்னு. தப்பு."

இட்லியைச் சரியென்று எடுத்துக்கொண்டாலும் நான்கு தேறாது. வாசகத்தைப் படித்தேன்: தாங்கள் அளித்த விவரங்கள் பொருந்தவில்லை, அருகிலுள்ள கிளையை அணுகவும், தங்கள் நேரத்துக்கு நன்றி.

"நேரம் கெடக்கட்டும் தாயி. பணம் இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லு. எஸ்டேட்ட விட்டு எறங்கையில குடுத்ததப் பூரா டெபாசிட்டாப் போட்டு வச்சிருக்கேன். இந்த வாரம் இடம் பத்திரம் போடணும். இத விட்டா எனக்கு நிக்க நெலம் இல்ல."

சொல்லக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை, கிளை மறுநாள்தான் திறக்கும். காலையிலேயே போய்விடுங்கள் அம்மா என்று வாசகத்தில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தேன். அதற்கும் மதிப்பெண் குறைந்தது.

பிற்பகல் அதே கணக்கிலிருந்து இன்னொரு அழைப்பு. காலையில் தோற்ற கணக்கு அன்று மறுபடி பேசினால் அதே ஆளிடம் வரும்படி அமைத்திருந்தார்கள். இம்முறை அழைப்பு பதிவு செய்யப்பட்ட எண்ணிலிருந்தே வந்தது. செத்துப்போன எண்.

"வணக்கம் மேடம். செல்லத்தாய் பேசுறேன்."

தெளிவான பெண் குரல். பெயர் கேட்டேன், சொன்னார். பிறந்த தேதி, ஜனவரி ஒன்று. தாயார் ஆவுடையம்மாள். முகவரி, எஸ்டேட், லைன் எண், வீட்டு எண், அஞ்சல் குறியீடு. பிடித்த உணவு, நான் கேள்வியை முடிக்கும் முன்பே, "இட்லி." ஐந்துக்கு ஐந்து. என் பணிக்காலத்தில் அவ்வளவு சுத்தமான சரிபார்ப்பை நான் கேட்டதில்லை. பாராட்டு விழா வைக்கலாம் போலிருந்தது.

"டெபாசிட்ட முடிச்சு இந்தக் கணக்குக்கே மாத்தணும் மேடம். அவசரம்."

கட்டம் பச்சையாக ஒளிர்ந்தது. நான் ஒரு பொத்தானை அழுத்தினால் செல்லத்தாயின் நிலம் போய்விடும். அழுத்தாமல் இருக்க எனக்கு ஒரு காரணம் வேண்டும். கோரிக்கையை நிறுத்திவைக்கும் காரணங்களுக்கு ஒரு வரிசை உண்டு, அதிலிருந்துதான் தேர்ந்தெடுக்கலாம். வாடிக்கையாளர் போதையில் உள்ளார். மறுமுனையில் வேறொருவர் சொல்லித்தருகிறார். பின்னணி இரைச்சல். 'எல்லாப் பதிலும் சரியாக இருந்தது' என்று ஒரு காரணம் அந்த வரிசையில் இல்லை. நான் பின்னணி இரைச்சலைத் தேர்ந்தெடுத்தேன். கோரிக்கை மறுநாள் நண்பகல் வரை நின்றது.

அழைப்பு முடிந்ததும் சந்தேகம் வந்தது. காலையில் பேசியவர் திருடியாக இருந்தால்? அழுகிற குரலில் பேசத் தெரிந்த திருடர்களும் உண்டுதானே. உண்மையான செல்லத்தாய் நன்றாகப் படித்தவராக, தன் விவரங்களை மனப்பாடமாக வைத்திருப்பவராக இருந்து, அவர் அவசரத்துக்கு நான் குறுக்கே நின்றுவிட்டேனா?

ஜெபராணி மேடம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்தார். பதிவைப் போடச் சொன்னார். ஹெட்செட்டை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை கேட்டார்.

"இரைச்சல் எங்க?"

"இல்ல மேடம்."

"இல்லாத இரைச்சல எதுக்குப் போட்டீங்க?"

"எல்லாப் பதிலும் சரியா இருந்தது மேடம்."

"சரியா இருந்தாப் பச்சை."

"நம்ம ஊர்ல யாரு மேடம் அஞ்சுக்கு அஞ்சு சொல்லியிருக்கா? எனக்கே எங்க வீட்டு அஞ்சல் குறியீடு யோசிச்சாத்தான் வரும்."

பக்கத்து நாற்காலியிலிருந்து பர்வீன் தலையை நீட்டினாள். "அக்கா, காலைல பேசுனது இட்லி அம்மாவா?"

"எந்த இட்லி அம்மா?"

"இட்லி பிடிக்காதுன்னு சண்டை போடுவாங்களே, அவங்க. அட்டை வரலன்னு ஒரு தடவை எங்கிட்ட மாட்டுனாங்க. சிவப்புப் போட்டு அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் இன்னொரு தடவை மைதிலிகிட்ட."

பழைய பதிவுகளைத் தேடினோம். செல்லத்தாயின் கணக்கிலிருந்து முன்பும் சில அழைப்புகள் வந்திருந்தன, அத்தனையும் சிவப்பு. ஒவ்வொன்றிலும் காலையில் நான் கேட்ட அதே குரல். மழை கொட்டிய நாளில் பிறந்தது, மாடத்தி பெற்றது, இட்லி ஆகாது. எத்தனை முறை கேட்டாலும் ஒரே தப்பான பதில்கள். ஒரு மனுஷி இவ்வளவு ஒழுங்காகத் தோற்றுப்போய் நான் பார்த்ததில்லை.

ஜெபராணி மேடம் கடைசிப் பதிவு முடியும்வரை அசையவில்லை.

"கணக்கு ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஒரே ஆள்தான் தோத்துக்கிட்டு இருக்காவ," என்றார். பிறகு பிற்பகல் பதிவை மறுபடி போடச் சொன்னார். "இதுல ஏசி சத்தம் கேக்குது."

"அது நம்ம ஏசி மேடம்."

"யாரு ஏசின்னு அந்த வரிசையில கேக்கலையே," என்று சொல்லிவிட்டு நிறுத்திவைப்பை உறுதி செய்து போய்விட்டார்.

மறுநாள் காலை கிளையிலிருந்து ஓர் இளம் அதிகாரி கூப்பிட்டார். செல்லத்தாய் கதவு திறக்கும் முன்பே வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அதிகாரி எரிச்சலில் இருந்தார்.

"மேடம், ரேகை விழ மாட்டேங்கு. பத்து விரலையும் வச்சுப் பார்த்தாச்சு. ஆயுசு முழுக்கத் தேயிலை கிள்ளுன கை, தேஞ்சுபோய்க் கெடக்கு. மெஷின் இவங்கள மனுசின்னே ஒத்துக்கல."

"ஆதார் படம்?"

"படத்துல யாரு தெளிவா இருக்கா? உங்க சிஸ்டத்துல இவங்க சிவப்பு. இவங்க போன்ல இருந்து பேசுனவங்க பச்சை. பன்னெண்டு மணிக்கு நிறுத்திவைப்பு தானா விலகிரும். சிவப்பு ஆளுக்காகப் பச்சை ஆள் கணக்க முடக்குனா நாளைக்கு யாரு பதில் சொல்ல?"

அந்தப் பச்சைக் குரல் அன்று காலையே இரண்டு முறை அழைத்து, ஏன் தாமதம் என்று மிக இனிமையாகக் கேட்டிருந்தது. நான் ஜெபராணி மேடத்திடம் ஓடினேன். பழைய பதிவுகளைக் கிளைக்குப் போட்டுக் காட்டினால் போதும், எதிரில் நிற்பவரின் குரலோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள் என்றேன்.

"பதிவு வாடிக்கையாளரோட சொந்தத் தகவல். அவுக சம்மதம் இல்லாம வெளிய போடக் கூடாது."

"அவங்க அங்கதான் நிக்காங்க மேடம். சம்மதம் சொல்லுவாங்க."

"சம்மதம் சொல்லதுக்கு முன்னால அவுகதான்னு சரிபார்க்கணும்."

"சரிபார்க்கத்தானே மேடம் பதிவ..."

"ஆமா," என்றார். பிறகு கேட்டார்: "அழைப்பு ஆரம்பத்துல மெஷின் என்ன சொல்லுது?"

எனக்கு மனப்பாடம். "இந்த அழைப்பு பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படலாம்."

"வாடிக்கையாளர் அதக் கேட்டுட்டுத்தான் பேசுதாவ. பயிற்சிக்குச் சம்மதம் இருக்கு. அந்தத் தம்பி வேலைக்குப் புதுசு போல. பயிற்சி குடுங்க."

கிளையின் போனை ஒலிபெருக்கியில் போடச் சொல்லிப் பயிற்சி கொடுத்தேன். பதிவில் செல்லத்தாய், "எனக்கு இட்லி ஆகவே ஆகாது தாயி," என்றார். அங்கே நின்றிருந்த செல்லத்தாய், "இது யாரு, என்னை மாதிரியே பேசுதா?" என்று பதறுவதும், அடுத்த நொடி, "ஏ, இது நாந்தாம்லா! அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்லுதேன், எனக்கு ஆகாது!" என்று பதிவோடு சேர்ந்து கத்துவதும் எங்கள் தளம் முழுக்கக் கேட்டது. கிளையில் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்திருக்க வேண்டும். அவர் குரல் மாறியிருந்தது.

"முடக்கிட்டேன் மேடம். புது நம்பர் ஏத்திருதேன், புது அட்டையும் குடுத்திருதேன். டெபாசிட் அப்படியே இருக்கு."

பச்சைக் குரல் அதன்பின் அழைக்கவில்லை. அது யாருடையது, முகவர் நிரப்பிய படிவம் அதன் கையில் எப்படிக் கிடைத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. புகார் போயிற்று என்று மட்டும் கேள்விப்பட்டேன். செல்லத்தாய்க்கு அந்த வாரமே பத்திரம் பதிவாயிற்று.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் நிம்மதியாக ஓய்வுபெற்றிருப்பேன். அன்று அதிகாரி போனை வைக்கும் முன்பு செல்லத்தாய் அதை வாங்கிக்கொண்டார்.

"தாயி, நீ நல்லா இருக்கணும். ஒம்பிள்ள குட்டி நல்லா இருக்கணும். இந்தத் தம்பி புது அட்டைக்கு ரகசிய நம்பர் போடச் சொன்னாவ. போட்டுட்டேன். எனக்கு மறதி சாஸ்தி. ஒங்கிட்டச் சொல்லி வைக்கேன், மறந்தா ஒங்கிட்டக் கேட்டுக்கிடுதேன்."

"அம்மா, சொல்லாதீங்க! யார்கிட்டயும் சொல்லக் கூடாது! எங்கிட்டயும்..."

"ஒங்கிட்டச் சொல்லாம யார்கிட்டச் சொல்ல?" என்று கேட்டு, ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி, எனக்குப் புரிந்ததா என்று உறுதிசெய்து, இரண்டு முறை சொன்னார். கிளையில் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

அந்தப் பகுதியைப் பதிவிலிருந்து அழிக்க முடியுமா என்று கேட்டேன். வாடிக்கையாளர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும் என்றார் ஜெபராணி மேடம். எண்ணை மாற்றும்படி வங்கி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பினோம். 'வங்கி ஒருபோதும் உங்கள் ரகசிய எண்ணைக் கேட்காது' என்று வழக்கமாகப் போகும் செய்திதான். வேறு செய்தி அனுப்ப எங்களுக்கு அனுமதியில்லை. அதைப் படித்துவிட்டு அவர், ஆமாம், அந்தப் பிள்ளை கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன் என்று நினைத்திருப்பார்.

வேலையை விட்டபின் வாடிக்கையாளர் யாரையும் தொடர்புகொள்ளக் கூடாது என்பது ஒப்பந்தம். எனக்கு என் மகளின் தடுப்பூசித் தேதி மறக்கிறது, அடுப்பில் பால் மறக்கிறது, கணவரின் புது அலுவலக எண் மறக்கிறது. அந்த நான்கு எண்கள் மட்டும் மறக்கவில்லை. மறக்க வேண்டும் என்று அவ்வப்போது சொல்லிப் பார்த்து, இன்னும் நன்றாகப் பதித்துவிட்டேன்.

பர்வீன் புதுப் பிள்ளைகளிடம் இதைப் படிக்கக் கொடுக்கும் முன் அச்சில் எங்காவது வெளிவந்தால் நல்லது என்று நினைத்தேன். அந்த அம்மா கண்ணில் படலாமே. பிறகுதான் உறைத்தது. அவரை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று அவர் பெயரையும் மாமியார் பெயரையும் இன்னும் சிலவற்றையும் மாற்றித்தான் இதை எழுதியிருக்கிறேன், இட்லியைக்கூட மாற்றிவிட்டேன். படித்தாலும் இது தான்தான் என்று அவருக்கே தெரியாது.

ஆகவே ஒருவரைச் சொல்லிப் பயனில்லை. போனில் பேசிய ஒரு நல்ல பெண்ணிடம் எப்போதாவது ரகசிய எண்ணைச் சொல்லிவைத்தவர்கள் எல்லாரும் தயவுசெய்து இன்றே அதை மாற்றிவிடுங்கள். அந்தப் பெண் நல்லவள்தான். அது எனக்குத் தெரியும். ஆனாலும் மாற்றிவிடுங்கள்.